காலனி மரங்களும் சங்கத்துக் காசும்: செலவைக் கட்டுக்குள் வைக்க ஒரு முழு வழிகாட்டி

ஆடிக் காற்றில் ஒரு கொப்பு முறிந்து யாருடைய கார் மேலாவது விழுந்த பிறகுதான் பெரும்பாலான குடியிருப்போர் நலச் சங்கங்களில் மரச் செலவு பேச்சுக்கு வருகிறது. அன்றைக்கு அவசரமாக ஆள் தேடுவார்கள். கேட்ட கூலியைக் கொடுப்பார்கள். பயத்தில் நாலைந்து மரங்களைச் சேர்த்து மொட்டையடிக்கச் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து அதே மரங்கள் முன்னைவிட மோசமாகக் கிளைத்து நிற்கும். மறுபடி செலவு. பாளையங்கோட்டைப் பக்கத்துக் காலனிகளில் இந்தச் சுற்று ஓய்ந்தபாடில்லை.

மரம் வளர்ப்பதற்கு உண்மையில் பெரிய செலவில்லை. அவசர வேலை, மொட்டையடிப்பு, நமக்குச் சொந்தமே இல்லாத மரத்துக்கு நாம் செய்யும் செலவு ஆகிய மூன்றும்தான் சங்கத்துப் பணத்தைத் தின்கின்றன. இந்த மூன்றையும் நிறுத்தினால், அறுபது வீடு உள்ள ஒரு காலனி தன் மரங்களை வீட்டுக்கு மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாயில் பார்த்துக்கொள்ள முடியும். அந்தக் கணக்கைப் பின்னால் போட்டுக் காட்டுகிறேன். பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், கே.டி.சி. நகர் போன்ற தனி வீட்டுக் காலனிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: மரப் பதிவேடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் சேர்ந்து நடந்தால் ஒரு காலனியின் மரங்களை எண்ணி முடித்துவிடலாம். ஒரு நீள நோட்டு, ஒரு டேப், ஒரு செல்போன் போதும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுங்கள். மரத்தின் பெயர், எந்த வீட்டுக்கு எதிரே நிற்கிறது, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எவ்வளவு, மேலே மின்கம்பி போகிறதா, மரத்தின் மூட்டை, அதாவது அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தை, சுற்றிச் சிமெண்ட் போட்டிருக்கிறதா என்பதை எழுதுங்கள். தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். வருடாவருடம் அதே இடத்தில் நின்று படம் எடுத்தால் மரம் சாய்கிறதா, காய்கிறதா என்பது தானே தெரிந்துவிடும்.

ஆணி அடித்து எண் பலகை மாட்ட வேண்டாம். சுண்ணாம்பில் எழுதினால் போதும்.

பதிவேட்டில் அடுத்த பத்திதான் முக்கியம்: மரம் யாருடையது? இதில் நாலு வகை வரும். வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் நிற்பது வீட்டுக்காரருடையது. தெரு ஓரத்தில் நிற்பது, தெரு மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ ஒப்படைக்கப்பட்டிருந்தால், அவர்களுடையது. பூங்கா இடமும் பெரும்பாலும் அப்படித்தான். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்கும்போது பொது ஒதுக்கீட்டு இடத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருப்பார்கள். ‘எங்க காலனி பார்க்’ என்று நாம் சொன்னாலும் பத்திரத்தில் பெயர் வேறாக இருக்கும். மூன்றாவது, சங்கத்தின் பெயரிலேயே உள்ள இடத்து மரம். நாலாவது, ஆள் வராத காலி மனை.

அநேகச் சங்கங்கள் இந்த நாலையும் ஒன்றாகப் போட்டுச் செலவு செய்கின்றன. பதிவேட்டில் பிரித்து எழுதியவுடன் சங்கம் பார்க்க வேண்டிய மரங்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். மாநகராட்சி மரத்துக்கு மனு, வீட்டுக்காரர் மரத்துக்குக் கடிதம், சங்கத்து மரத்துக்கு மட்டும் காசு என்று வழி பிரித்துவிடலாம்.

தெரு மரத்தைச் சங்கமே வெட்டுவது செலவு மட்டுமல்ல, வம்பும்கூட. பொது இடத்து மரத்தை அகற்ற மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு வழியாக அனுமதி பெற வேண்டும். சிறு கொப்பு கழிப்பதென்றாலும் வார்டு கவுன்சிலருக்கும் மாநகராட்சிக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, அப்புறம் தொடுங்கள். ஒரு தாள் மனுவில் முடியும் வேலையைச் செய்யாமல் விட்டு, பின்னால் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது வீண் அலைச்சல்.

மின்கம்பி மரங்கள்

கம்பியைத் தொடும் கொப்புகளுக்கு சங்கம் ஆள் வைக்கவே கூடாது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில் அவர்களே கழிப்பார்கள். அந்த நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வரும். ஒரு வாரத்துக்கு முன்பே உங்கள் பிரிவு அலுவலகத்தில் மர எண்களோடு பட்டியல் கொடுத்துவிடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அன்றைக்குச் சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பிப் பக்கம் மட்டும் கழிக்க வேண்டிய மரத்தைப் பாதியாக வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் பல தெரு பார்க்க வேண்டிய வேலை அது. கூடவே நிற்பவர் ‘அண்ணே, இந்தக் கொப்பு வரைக்கும் போதும்’ என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வெட்டிப் போட்ட தழையை அள்ளுவது பெரும்பாலும் நம் பொறுப்பு. அதற்கு ஒரு லோடு ஆட்டோவை முந்தின நாளே சொல்லி வைத்தால் தெரு அடைபடாது.

எது அவசரம், எது இல்லை

பதிவேடு தயாரானதும் மரங்களை மூன்றாகப் பிரியுங்கள்: இந்த மாதமே பார்க்க வேண்டியது, இந்த வருடம் பார்க்க வேண்டியது, சும்மா விடலாம்.

முதல் வகைக்குச் சில அடையாளங்கள் உண்டு. மரம் சாய்ந்திருப்பதே ஆபத்தில்லை. பல வருடமாகச் சாய்ந்தே வளர்ந்த புங்கையும் பூவரசும் நன்றாகத்தான் நிற்கும். புதிதாகச் சாய்ந்திருந்தால், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்பியிருந்தால், அதுதான் அவசரம். மூட்டில் காளான் பூத்திருப்பது, அடிமரத்தைத் தட்டினால் பொள்ளென்று சத்தம் வருவது, இரண்டு கவடு சேரும் இடத்தில் நீளமாகக் கீறல் விட்டிருப்பது, ஆளின் தொடைப் பருமனுள்ள பட்ட கொப்பு நடைபாதைக்கு மேலே நிற்பது ஆகியவையும் முதல் வகை. சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ சமீபத்தில் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டியிருந்தால் அந்த மரத்தையும் இதில் சேருங்கள். மண் ஊறிப்போனால் முதலில் சாய்வது அதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது போன்ற மழை மறுபடி வரும்போது, ஊரே தண்ணீரில் நிற்கும் வாரத்தில், மரம் வெட்ட ஆள் தேடுவதும் கூலி பேசுவதும் நடக்கிற காரியமில்லை.

இனத்தையும் கவனியுங்கள். மயில்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மரங்களில் கொப்பு முறியும் வாய்ப்பு அதிகம். வேம்பு, புன்னை, மகிழம், நாவல், மருதம் எல்லாம் காற்றைத் தாங்குகிறவை. செலவு செய்யக் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் முதலில் சொன்ன மரங்களுக்குச் செய்யுங்கள்.

வேப்பமரம் கருகினால் கோடாலியைத் தூக்க வேண்டாம்

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஐப்பசி மழைக்குப் பிறகு, மார்கழி, தை மாதங்களில் வேப்பமரத்தின் கொழுந்துப் பகுதி முழுக்கத் தீயில் வாட்டியது போலக் கருகி நிற்பதைச் சில வருடங்களாகப் பார்க்கிறோம். ‘மரம் பட்டுப்போச்சு, வெட்டிருவோம்’ என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும், அது குத்திய இடத்தில் சேரும் பூஞ்சாணமும்தான் இதற்குக் காரணம். பெரும்பாலான மரங்கள் பங்குனி, சித்திரையில் புதுத்துளிர் விட்டுவிடும். வளர்ந்த மரத்துக்கு மருந்து அடிப்பது செலவு, உச்சி வரை எட்டாது, தேனீக்கும் கெடுதல். காய்ந்த நுனிகளை மட்டும் எடுத்துவிட்டு, மூட்டுக்கு இரண்டு கூடை மக்கிய சாணமும் தண்ணீரும் கொடுத்துக் காத்திருங்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள்: உள்ளே பச்சை இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. சித்திரை முடிந்தும் துளிர்க்காத கொப்பை மட்டும் அப்புறம் வெட்டலாம். இந்த ஒரு பொறுமையிலேயே ஒரு பெரிய மரம் வெட்டும் கூலியும், அதன் நிழலும் மிச்சம்.

மொட்டையடிப்பு ஏன் செலவு

மரத்தின் உச்சியையும் பெரிய கொப்புகளையும் நடுவில் துண்டித்து, வெறும் தூணாக விட்டுவிடுவதைத்தான் சொல்கிறேன். பார்ப்பதற்கு வேலை சுத்தமாக முடிந்தது போல இருக்கும். இலை முழுவதையும் இழந்த மரம் பிழைப்பதற்காக, வெட்டிய இடத்துக்குக் கீழே பட்டையிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர் விடும். இந்தத் துளிர் வேகமாக வளரும். ஆனால் மேல்பட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர, இயல்பான கொப்பைப் போல உள்மரத்தில் வேர்பிடித்து நிற்காது. வெட்டிய முகத்தில் மழைத்தண்ணீர் இறங்கி உளுக்கும். மூன்றாவது, நாலாவது வருடம் அந்தத் துளிர்கள் கனத்த கொப்புகளாகி, உளுத்த மரத்தில் நின்று ஆடிக் காற்றை வாங்கும். அப்போது அவை முறியும், நாம் மறுபடி ஆள் கூப்பிடுவோம்.

அதனால் சங்கத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்: மொட்டையடிப்பு கிடையாது, ஒரே வருடத்தில் ஒரு மரத்தின் தழையில் கால்பங்குக்கு மேல் எடுப்பது கிடையாது.

சரி, அப்படியானால் எப்படி வெட்டுவது? கைப் பருமனுக்கு மேலுள்ள எந்தக் கொப்புக்கும் மூன்று வெட்டு. முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கால்பங்கு ஆழத்துக்கு. இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக. கொப்பு இங்கே கழன்று விழும். கீழே ஏற்கெனவே ஒரு வெட்டு இருப்பதால் பட்டை நார் நாராக அடிமரம் வரை உரிந்து வராது. மூன்றாவது, மிஞ்சிய குச்சத்தை எடுப்பது. கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும். காயத்தை மூடுகிற சதை அங்கிருந்துதான் வரும். அந்த வளையத்துக்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். வளையத்தையும் சேர்த்து வழித்து எடுக்கக் கூடாது, கைப்பிடி நீளத்துக்குக் குச்சத்தை விட்டுவைக்கவும் கூடாது. சரியாக அறுத்த காயம் ஒன்றிரண்டு வருடத்தில் வளையம் வளையமாக மூடிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பெயிண்ட், தார் எதுவும் பூச வேண்டியதில்லை.

அரிவாளால் கொத்தினால் இந்த வேலை நடக்காது. கை ரம்பமோ மிஷின் ரம்பமோ வேண்டும். மரம் ஏறுகிறவருக்கு அரிவாள் பழக்கமாக இருக்கும். இறுதி வெட்டுக்கு மட்டுமாவது ரம்பம் எடுக்கச் சொல்லுங்கள். சங்கமே ஒரு நல்ல கை ரம்பமும், நீளக் கம்பில் மாட்டும் ரம்பமும் வாங்கி வைத்துக்கொள்வது உடனே பலன் தரும் முதலீடு.

எப்போது செய்வது

நம் ஊருக்குக் காற்றும் மழையும் தனித்தனிப் பருவம். தென்மேற்குப் பருவக் காற்று மேற்கு மலைக் கணவாய்கள் வழியாக ஆனி முதல் ஆவணி வரை வீசும். கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். மழை ஐப்பசி, கார்த்திகையில். எனவே இரண்டு சுற்று வேலை போதும்.

முதல் சுற்று வைகாசியில்: பட்ட கொப்பு எடுப்பது, கனம் குறைப்பது, வீட்டுக் கூரைக்கு மேல் நீண்டதைக் கழிப்பது. சித்திரை வெயிலில் நிழலைக் குறைக்காமல் வைகாசி வரை பொறுத்துச் செய்வது மரத்துக்கும் நல்லது, தெருவில் நடப்பவருக்கும் நல்லது. வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். காக்கை கூடு கட்டும் காலம் இது. நம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் அதைப் பெருமையாகப் பாதுகாக்கிறார்கள். அந்த மாவட்டத்துக்காரர்கள் நாம், குஞ்சு பறக்கும் வரை ஒரு கொப்பை விட்டுவைக்கலாம்.

இரண்டாவது சுற்று புரட்டாசியில், சிறிய அளவில்: காற்றில் ஒடிந்து தொங்குவதை எடுப்பது, மூட்டில் மண் அரித்திருந்தால் நிரப்புவது, சாக்கடை வாயில் சேர்ந்த சருகை அள்ளுவது.

பயிற்சி வேலை வருடம் முழுக்கச் செய்யலாம். நட்டு ஐந்தாறு வருடம் ஆகாத இளமரத்தில் ஒரே நடுத்தண்டை விட்டு, போட்டிக்கு வரும் இரண்டாவது தண்டை எடுத்துவிடுவதுதான் இந்தப் பயிற்சி. ஒரு கத்தரியோடு அரை மணி நேரம் போதும். சங்க உறுப்பினர்களே செய்யலாம். அதே இரட்டைக் கவட்டைப் பத்து வருடம் கழித்து எடுக்கக் கயிறும் ஏறுகிற ஆளும் வேண்டும். இருபது வருடம் கழித்து என்றால் கிரேன் வேண்டும். மரச் செலவில் இதைவிடப் பெரிய மிச்சம் வேறெதிலும் இல்லை.

ஆள் பிடிப்பது, விலை பேசுவது

இங்கேதான் சங்கங்கள் அதிகம் ஏமாறுகின்றன. வழக்கமாக வரும் பேச்சு இது: “அண்ணாச்சி, நீங்க ஒரு பைசா தர வேண்டாம். கட்டையை நாங்க எடுத்துக்கிடுதோம், சும்மாவே வெட்டித் தாரோம்.” கேட்பதற்கு லாபம் போல இருக்கும். ஆனால் அவருக்குக் கிடைப்பது கட்டையின் எடை. நாம் கழிக்கச் சொன்னது நுனிக் கொப்பு. அதில் எடை இல்லை. எடை இருப்பது பெரிய கவட்டில். எனவே வேம்பும் வாகையும் பெரிய கவட்டோடு போகும். தேவையில்லாத மரமும் சேர்த்துப் போகும்.

ஆகவே கூலியையும் கட்டையையும் தனித்தனியாகப் பேசுங்கள். வேலைக்கு இவ்வளவு நாள்கூலி. விழும் கட்டை சங்கத்துக்குச் சொந்தம். அந்தக் கட்டையை வேறொரு விறகுக்கடைக்காரரிடம் தனியாக விலை கேட்டு, பணத்தைச் சங்கக் கணக்கில் வரவு வையுங்கள். அதே ஆள் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் பரவாயில்லை, ஆனால் வெட்டி முடித்து எடை போட்ட பிறகு. இந்த ஒரு மாற்றம் வந்தாலே அவசியமில்லாமல் வெட்டும் ஆசை போய்விடும்.

மரத்துக்கு இவ்வளவு என்று பேசுவதைவிட, குழுவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசுவது மலிவு. ஏறுகிற ஒருவர், கயிறு பிடிக்க ஒருவர், தழை ஒதுக்க இரண்டு பேர், ஒரு மிஷின் ரம்பம். அவர்கள் வருவதற்குள் பதிவேட்டு எண்படி எந்த மரத்தில் எந்தக் கொப்பு என்று சுண்ணாம்பால் அடையாளம் வைத்து, தெருவில் நிற்கும் வண்டிகளை நகர்த்தி வைத்திருக்க வேண்டும். வேலை நடக்கும் நாளில் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்கும் கூலி நாம்தான் கொடுக்கிறோம். பக்கத்துக் காலனியோடு சேர்ந்து ஒரே வாரத்தில் வேலை வைத்தால் குழு குறைத்துக் கேட்க வழி உண்டு. தொடர்ந்து ஒரு வாரம் வேலை கிடைப்பது அவர்களுக்கும் பெரிய விஷயம்.

எழுத்தில் ஒரே ஒரு பக்க ஒப்பந்தம் போதும். மர எண்கள், எடுக்க வேண்டிய கொப்புகள், மொட்டையடிப்பு கூடாது, கொப்பைக் கயிறு கட்டி இறக்க வேண்டும், சுவரோ ஓடோ உடைந்தால் யார் பொறுப்பு, தழை அள்ளுவது யார், பணம் எப்போது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். தினக்கூலிக்காரரைப் பாக்கிக்கு அலைய விடுவது நியாயமில்லை.

பாதுகாப்பில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மரம் ஏறுகிறவருக்கு இடுப்பு வாரும் தலைக்கவசமும் சங்கத்தின் செலவிலாவது இருக்க வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு மிஷின் ரம்பம் ஓட்ட விடக் கூடாது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு கிடைக்கும். 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்குள்ள யாரும் சேரலாம். அதன் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி தொடங்குகிறது. வைகாசி வேலைக்கு வருகிறவர்களிடம் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால் அந்தத் தொகையைச் சங்கமே கொடுத்து வங்கிக்கு அனுப்பிவையுங்கள். ஒரு குடும்பத்துக்கு அது போதாதுதான். ஒன்றுமே இல்லாமல் ஒரு மனிதரை நாற்பது அடி உயரத்துக்கு ஏற்றுவதைவிட மேல்.

பட்ஜெட் போடும் விதம்

எல்லா மரத்தையும் எல்லா வருடமும் தொட வேண்டியதில்லை. மூன்று வருடச் சுழற்சி போதும். கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்; கூலியை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

அறுபது வீடு. சங்கப் பொறுப்பில் 90 மரம்: கைக்கு எட்டும் இளமரம் 25, நடுத்தரம் 40, கயிறு கட்டி ஏற வேண்டிய பெரிய மரம் 25. இளமரம் உறுப்பினர்கள் பொறுப்பு, கூலி இல்லை. நடுத்தரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது வருடத்துக்கு 13. ஒரு நாளைக்கு நாலு மரம் என்றால் 4 நாள். பெரியதில் மூன்றில் ஒரு பங்கு 8. நாளைக்கு இரண்டு என்றால் 4 நாள். ஆக 8 நாள். குழுவுக்கு நாளொன்றுக்கு 6,000 ரூபாய் என்று வைத்தால் 48,000. தழை ஏற்ற ஆறு லோடு, லோடுக்கு 1,500 வீதம் 9,000. கன்று, எரு, முட்டுக்கம்பு 5,000. எதிர்பாராத காற்று, மழைக்கு 18,000 ஒதுக்கு. மொத்தம் 80,000. வீட்டுக்கு வருடம் 1,333 ரூபாய்; மாதம் 111 ரூபாய்ச் சொச்சம்.

இந்த 18,000 செலவாகாத வருடத்தில் அதைப் பொதுக் கணக்கில் கரைய விடாதீர்கள். ‘மர நிதி’ என்று தனித் தலைப்பில், முடிந்தால் தனி வைப்புத்தொகையாக, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோங்கள். மூன்று நாலு வருடத்தில் ஒரு பெரிய புயல் சேதத்தைத் தாங்கும் தொகை சேர்ந்துவிடும். சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானதென்றால் இந்தத் தலைப்பை ஆண்டறிக்கையில் தனியாகக் காட்டிவிடுங்கள். பிற்பாடு எந்தக் கேள்வியும் வராது. மாதச் சந்தாவில் இதைச் சேர்ப்பதால் ஜி.எஸ்.டி. வந்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரு உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை உள்ள பராமரிப்புச் சந்தாவுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது.

பணம் தராதவர்கள் எல்லாக் காலனியிலும் உண்டு. ‘எங்க வீட்டு முன்னால மரமே இல்ல, நான் ஏன் குடுக்கணும்?’ என்பது அடிக்கடி வரும் கேள்வி. நிழலும் காற்றும் தெருவுக்குப் பொது; முறிந்து விழும் கொப்பும் யார் தலை என்று பார்க்காது என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். அதோடு, அவர் வீட்டு முன் இடம் இருந்தால் அந்த வருடத்துக் கன்றை அங்கேயே நட்டுக் கொடுங்கள். மர எண்ணிக்கைப்படி சந்தா வாங்கும் யோசனை சில இடங்களில் எழுகிறது. அதை நான் வேண்டாம் என்பேன். மரம் இருந்தால் அதிகக் காசு என்றால், நிற்கிற மரத்தை ஆட்கள் மெள்ளக் காயவைத்துவிடுவார்கள்.

தழையும் கட்டையும் கழிவில்லை

ஆறு லோடு செலவை மூன்றாகக் குறைக்கலாம். ஆல், அத்தி, பூவரசு, வாகைத் தழையை ஆடு வளர்ப்பவர்கள் விரும்பி எடுத்துப் போவார்கள். வெட்டும் நாளை அவர்களுக்கு முந்தின நாளே சொன்னால் போதும். புங்கையும் வேம்பும் வயலுக்குத் தழை உரம். கார் பருவ நெல் நடவுக்கு முன் வைகாசி, ஆனியில் வெட்டினால் தாமிரபரணிப் பாசனத்து விவசாயிகளில் டிராக்டர் கொண்டுவந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் கிடைப்பார்கள். பூங்காவின் ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி செங்கல் தொட்டி கட்டிச் சருகை மக்கவைத்தால் எரு வாங்கும் செலவும் குறையும். சருகை எரிப்பது மட்டும் வேண்டாம். புகை ஒருபக்கம், மூட்டருகே எரித்த நெருப்பில் பட்டை வெந்து மரம் போவது இன்னொருபக்கம்.

ஆனி, ஆடியில் உதிரும் வேப்பங்கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள். விற்றாலும் காசு, பயன்படுத்தினாலும் காசு. காலனியில் தென்னை இருந்தால் காண்டாமிருக வண்டுக்கு அதுவே மருந்து: வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் 150 கிராம் அளவுக்குப் போட்டால் வண்டு அண்டாது. மட்டை விசிறி போல வெட்டுப்பட்டு விரிந்தால் அந்த வண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். தண்டில் ஓட்டையும், அதில் பழுப்பு நிறச் சாறும், மென்று துப்பிய நாரும் தெரிந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. அந்த மரத்தை உடனே வேளாண்மைத் துறையினரிடம் காட்ட வேண்டும். தென்னை ஏறுகிறவருக்குக் காய்க்கணக்கில் கூலி பேசினால் காய் மட்டும் இறங்கும். மரத்துக்கு இவ்வளவு என்று பேசி, காய்ந்த மட்டையும் பாளையும் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். கார் மேல் விழுவது அநேகமாக மட்டைதான்.

பனை நின்றால் அதைத் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி அவசியம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. அதற்குப் பராமரிப்புச் செலவும் ஏறக்குறைய இல்லை.

மூட்டைச் சுற்றிய சிமெண்ட்

பேவர் பிளாக் பதிக்கும்போது மரத்தின் கழுத்து வரை அடைத்துவிடுகிறார்கள். தண்ணீர் இறங்காமல், வேருக்குக் காற்று கிடைக்காமல், மரம் மெள்ள நலிந்து, பட்ட கொப்பு விழத் தொடங்கும். குறைந்தது சுற்றிலும் மூன்றடி மண்ணாக விடச் சொல்லுங்கள். பழைய சிமெண்டைக் கடப்பாரையால் வேர் காயப்படாமல் உடைத்தெடுக்க ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. அந்த வட்டத்தில் சருகை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் செலவு குறைந்துவிடும்.

வேர் சுவரை முட்டினால் வேரை வெட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சுவரின் அந்த இடத்தில் மட்டும் அஸ்திவாரத்துக்கு மேலே ஒரு கல்பாலம் வைத்து வேர் போக வழி விட்டுக் கட்டலாமா என்று கொத்தனாரிடம் கேளுங்கள். பெரிய வேரை வெட்டிச் சுவரைக் காப்பாற்றினால், மரம் சாய்ந்து சுவரும் போகும்.

காலி மனையும் பக்கத்து வீட்டு மரமும்

வெளியூரில் இருக்கும் மனைக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், சீமைக்கருவேலம் படர்ந்த படத்தோடு. பெரும்பாலும் ‘நீங்களே ஆள் வச்சுச் சுத்தம் பண்ணுங்க, பணம் அனுப்புதேன்’ என்று பதில் வரும். பணம் வந்த பிறகு ஆள் வையுங்கள்.

வீட்டுக்காரர் மரம் தெருவுக்கோ அடுத்த வீட்டுக்கோ ஆபத்தாக நின்று, சொல்லியும் கேட்கவில்லை என்றால், மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம். விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்ற அல்லது முட்டுக்கொடுக்க உத்தரவிடக் கோரி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடமும் போகலாம். ஆனால் அதற்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். ஒரு வயதான அம்மாவிடம் இப்படிப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “எய்யா, வாசலுக்கு நிழல் விழுத கொப்ப மட்டும் விட்டுருங்க, மத்தத எடுத்துக்கிடுங்க.” மரத்தை மொத்தமாக எடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அவர் அதுவரை மறுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கொப்பு என்று விரலால் காட்டிப் பேசினால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

புதிதாக நடும்போது

இன்றைக்குத் தவறாக நடும் கன்று பதினைந்து வருடம் கழித்து வரும் செலவு. மின்கம்பிக்குக் கீழே பெரிய மரம் வேண்டாம். மந்தாரை, பவழமல்லி, நந்தியாவட்டை போதும். அகலமான தெருவுக்கு வேம்பு, புங்கை, மகிழம், நாவல். பூங்காவில் இடம் தாராளமாக இருந்தால் மருதம், இலுப்பை. அரசும் ஆலும் வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் கூடாது. தானாக முளைத்தால் சிறிதாக இருக்கும்போதே பெயர்த்துக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோங்கள். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வேண்டவே வேண்டாம். வேகமாக வளரும் என்று வைத்துவிட்டு வேரோடு மல்லுக்கட்டும் இடங்கள் நிறைய. தமிழக அரசு அதற்குத் தடையும் விதித்திருக்கிறது.

கன்று வனத்துறை நாற்றங்கால்களில் கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ் நிறைய நாட்டு மரக் கன்றுகளை வளர்க்கிறார்கள். சங்கத்தின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். மூன்றடிக் குழி, மேல்மண்ணோடு எரு, காற்று வரும் மேற்குப் பக்கம் ஒரு முட்டுக்கம்பு, ஆடு கடிக்காமல் இருக்கக் கூண்டு. ஐப்பசி மழைக்குப் பதினைந்து நாள் முன்னால் நட்டால் முதல் மூன்று மாதத் தண்ணீரை வானம் பார்த்துக்கொள்ளும். நூறு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட எட்டு கன்று நட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிர்வீட்டுக்காரர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது மேல். இரண்டு கோடை அவர் ஊற்றும் தண்ணீரில் கன்று தன் காலில் நின்றுவிடும். கூண்டை மறக்காமல் நாலாவது வருடம் கழற்றிவிடுங்கள். கம்பி தண்டுக்குள் புதைந்து மரத்தை நெரித்துவிடும்.

பொதுக்குழுவில் வைக்க வேண்டியவை

வருடாந்திரக் கூட்டத்துக்கு மரப் பதிவேடு, அந்த வருடச் சுழற்சியில் வரும் மர எண்கள், போன வருடச் செலவு, மர நிதி இருப்பு, மாநகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் கொடுத்த மனுக்களின் நகல் ஆகிய ஐந்தையும் கொண்டுபோங்கள். மொட்டையடிப்பு கூடாது, கட்டையும் கூலியும் தனித்தனி, 10,000 ரூபாய்க்கு மேல் உள்ள வேலைக்கு இரண்டு பேரிடமாவது விலை கேட்க வேண்டும் என்ற மூன்று தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டால் நிர்வாகிகள் மாறினாலும் வேலை தடம் மாறாது. பதிவேட்டின் ஒரு பிரதியைச் செயலாளரிடமும், இன்னொன்றைக் காலனியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.